"சொல்லாம ஏறிடு"ன்னு சொல்ற புத்திசாலிகளுக்கு

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. எழுதறதுக்கு ஒண்ணும் இல்லாம இல்ல, சோம்பேறித்தனம் தான். ஆனா போன வாரம் எங்க குடும்ப வாட்ஸப் குழுவில நடந்த ஒரு கூத்தைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்க மாட்டேங்குது. அங்க பதில் போட்டா சண்டை வரும். அதான் இங்க வந்து கொட்டறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

மேட்டர் இதுதான். சொந்தக்கார அத்தை ஒருத்தங்க சிங்கப்பூர்ல இருக்கற பையன் வீட்டுக்குக் கிளம்பறாங்க. பல வருஷமா முடக்குவாதம். அதோட கூடவே வர்ற ரத்தசோகை. ஹீமோகுளோபின் எட்டுக்குக் கொஞ்சம் மேல. "ஃப்ளைட்ல போகலாமா?"ன்னு அவங்க பொண்ணு குழுவில ஒரு கேள்வி கேட்டா. அவ்வளவு தான். பத்து நிமிஷத்துல இருபது மருத்துவர்கள் உருவாயிட்டாங்க.

"தினம் ரெண்டு பேரீச்சம்பழம் குடும்மா."

"ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திட்டுப் போயிடலாம்."

"ஆக்சிமீட்டர்ல 98 காட்டுதுல்ல? அப்புறம் என்ன பயம்?"

கடைசியா ஒரு மாமா வந்து தீர்ப்பு சொன்னார். "ஏர்லைன்ஸ்காரன் கிட்ட மட்டும் வாயைத் திறக்காதீங்க. சொன்னா ஏத்த மாட்டான். சொல்லாம ஏறிடுங்க." அதுக்குப் பன்னெண்டு கட்டைவிரல்!

இந்தக் கடைசி யோசனையைத் தான் இந்தப் பதிவுல கிழிக்கப் போறேன். கிழிக்கறதுக்கு எனக்கு என்ன தகுதின்னு கேட்டீங்கன்னா, 2022ல இதே யோசனையை எங்க அம்மாவுக்குக் கொடுத்த அறிவாளி நான் தான்.

அம்மா கதை

அம்மாவுக்குச் சிறுநீரகம் நாலாம் நிலை. டயாலிசிஸ் இல்லை, ஆனா அதுக்கு முந்தின படி. சிறுநீரகம் கழிவைப் பிரிக்கறதோட வேலை முடிஞ்சுதுன்னு நம்ம எல்லாரும் நெனச்சிட்டிருக்கோம். எலும்பு மஜ்ஜைக்கு "சிவப்பணு தயார் பண்ணுப்பா"ன்னு உத்தரவு போடற எரித்ரோபாய்டின் ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்துல தான் உருவாகுது. சிறுநீரகம் படுத்தா உத்தரவும் நின்னுடும். அதனால அம்மாவுக்கு அப்போ ஹீமோகுளோபின் 7.6.

தங்கச்சி டொராண்டோவுல. தலைப் பிரசவம். அம்மா போயே ஆகணும். "இப்ப வேண்டாம். ஒரு மாசம் ஊசி போட்டு அளவைக் கொஞ்சம் ஏத்திட்டு அனுப்பலாம்"னு சிறுநீரக டாக்டர் தெளிவா சொன்னார். பிரசவத் தேதி நெருங்குதேன்னு நாங்க கேக்கல. பக்கத்துத் தெரு கிளினிக்குல இன்னொருத்தர் கிட்ட போனோம். ரிப்போர்ட்டைப் பிரிச்சுக் கூடப் பாக்காம, பறக்கத் தகுதியானவர்னு ரெண்டு நிமிஷத்துல ஒரு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தக் காகிதமும் பையை விட்டு வெளிய வரல. ஏன்னா நான் தான் சொன்னேனே, "யாரும் கேட்டா பிரஷர் மட்டும் தான்னு சொல்லும்மா. வீல்சேர் எல்லாம் கேக்காதே, நோயாளின்னு தெரிஞ்சிடும்."

சென்னையில இருந்து வளைகுடா வரைக்கும் பிரச்சினை இல்லை. அங்க அடுத்த விமானத்தைப் பிடிக்க நீளமான நடை. அதுக்கப்புறம் பதினாலு மணி நேரப் பயணம். ஆறாவது மணி நேரத்துல டாய்லெட்டுக்குப் போக எழுந்த அம்மா, வழியிலயே சரிஞ்சு விழுந்துட்டாங்க.

பணிப்பெண்கள் ஓடி வந்து படுக்க வெச்சு, கால்களைத் தூக்கிப் பிடிச்சு, விரல்ல கருவி மாட்டிப் பாத்தா 87. "ஏதாவது நோய் இருக்கா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டிருக்காங்க. அம்மா என்ன சொல்லியிருப்பாங்க? பையன் சொல்லிக் கொடுத்த பாடத்தை அப்படியே ஒப்பிச்சிருக்காங்க. "பிரஷர் மட்டும் தான்."

பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்? சாப்பிடாம மயங்கிட்டாங்க போலன்னு ஆரஞ்சு ஜூஸ் கொடுத்திருக்காங்க. ஒரு கிளாஸ் இல்ல, மூணு கிளாஸ். நாலாம் நிலை சிறுநீரக நோயாளிக்கு ஆரஞ்சு ஜூஸ்! பொட்டாசியத்துக்குப் பயந்து வீட்டுல இளநீரைக் கண்ணுல காட்டாம வெச்சிருக்கோம். அங்க அம்மா மறுக்க முடியாம மூணையும் குடிச்சிருக்காங்க. மறுத்தா காரணம் சொல்லணுமே.

ஆக்சிஜன் கொடுத்தாங்க, தேறிட்டாங்க, இறங்கிட்டாங்க. அதிர்ஷ்டம். அதைத் தவிர வேற பேர் இல்லை அதுக்கு. இறங்கும்போது ரெண்டு காலும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்துச்சாம். தங்கச்சி போன்ல அழுதா. நான் பேசவே இல்லை. என்ன பேசறது?

மேலே என்ன தான் நடக்குது?

அதுக்கப்புறம் தான் உக்காந்து படிச்சேன். போறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும். சரி விடுங்க.

விமானம் முப்பத்தஞ்சாயிரம் அடியில பறந்தாலும் உள்ள காத்தை அழுத்தி வெச்சிருப்பாங்க. ஆனா தரையில இருக்கற அளவுக்கு இல்லை. உள்ள இருக்கற அழுத்தம் 8000 அடி உயர மலைக்குச் சமமா இருக்கலாம்னு விதி. பெரும்பாலும் 6000ல இருந்து 8000க்குள்ள இருக்கும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி புது ரகங்கள்ல 6000 அடி பக்கம். நம்ம கணக்குல சொன்னா, ஊட்டி ஊர் 7350 அடி, தொட்டபெட்டா உச்சி 8650 அடி. அதாவது ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவுல ஒரு பெஞ்சைப் போட்டு பதினாலு மணி நேரம் உங்களை உக்கார வெக்கறாங்க. குளிர் மட்டும் தான் கம்மி.

அந்த உயரத்துக் காத்துல, தரையில 15 சதவீத ஆக்சிஜனை சுவாசிச்சா கிடைக்கற அளவு தான் கிடைக்கும். இங்க நாம சுவாசிக்கறது 21. நல்லா இருக்கற ஆளுக்கே ரத்தத்துல ஆக்சிஜன் செறிவு 90, 93ன்னு இறங்கும். அவருக்கு அது தெரியவே தெரியாது. ஜாலியா படம் பாத்துட்டு இருப்பார்.

ரத்தசோகை இருக்கறவங்களுக்கு மட்டும் ஏன் சிக்கல்? சென்னைக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஹீமோகுளோபின்ங்கறது தண்ணி லாரி. ஆக்சிஜன் தான் தண்ணி. ஆரோக்கியமான ஆளுக்கு தெருவுக்கு 14 லாரி வருதுன்னு வெச்சுக்கோங்க. அம்மாவுக்கு ஏழரை லாரி. ஆக்சிமீட்டர் என்ன பண்ணும்? வந்த லாரி எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு பாக்கும். எத்தனை லாரி வந்துச்சுன்னு அது எண்ணவே எண்ணாது! ஏழரை லாரியும் தளும்பத் தளும்ப வந்தா 98ன்னு காட்டிட்டுச் சும்மா இருக்கும். தெருவுல பாதி வீட்டுக்குத் தண்ணி இல்லை. "98 காட்டுதே"ன்னு சொன்ன அண்ணாச்சி, புரியுதா?

கணக்காவே பாத்துடலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 14 கிராம் இருக்கறவர் ரத்தத்துல 100 மில்லிக்கு தரையில 18 மில்லி சொச்சம் ஆக்சிஜன். விமானத்துல செறிவு 90ன்னு இறங்கினாலும் 17 கிட்ட. அம்மாவோட 7.6க்கு தரையிலயே 10 தான். மேலே போனா 9 சொச்சம். விமானத்துல பறக்கற ஆரோக்கியசாலிக்குக் கிடைக்கறதுல ஏறக்குறைய அறுபது சதவீதம் தான் அம்மாவுக்கு வீட்டுக் கூடத்துலயே கிடைக்குது. அதுலயும் கை வெச்சா என்ன ஆகும்?

இருக்கற லாரியை வெச்சு இன்னும் வேகமா ட்ரிப் அடிக்கணும். அந்த வேலை இதயத்தோடது. அதனால தான் ரத்தசோகையோட இதய நோயோ நுரையீரல் நோயோ சேர்ந்திருந்தா கதையே வேற. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் பலருக்கு இதயச் சுவர் தடிச்சுப் போயிருக்கும்ங்கறதையும் சேர்த்துக்கோங்க.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையா சொல்லிடணும். நாள்பட்ட நோயால மெதுவா இறங்கின ரத்தசோகைக்கு உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும். கிடைக்கற ஆக்சிஜனைத் திசுக்களுக்குச் சுலபமா விட்டுக் கொடுக்க ஹீமோகுளோபின் கத்துக்கும். நேத்து அல்சர்ல ரத்தம் போய் எட்டுக்கு வந்தவரும், ரெண்டு வருஷமா எட்டுல இருக்கறவரும் ஒண்ணு இல்லை. அதனால "எட்டா? ஐயய்யோ போகவே கூடாது"ன்னு அலர்றதும் தப்பு.

பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் மருத்துவர்களுக்குச் சொல்றது: 8 கிராமுக்கு மேல இருந்து, இதய, நுரையீரல் கோளாறு சேர்ந்து இல்லைன்னா பொதுவா பிரச்சினை இல்லை. 7.5க்குக் கீழன்னா தனியா மதிப்பிடணும், ஆக்சிஜன் ஏற்பாட்டை யோசிக்கணும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தோட மருத்துவக் கையேடு இன்னும் எச்சரிக்கையா 9.5க்குக் கீழ போனாலே மதிப்பீடு வேணும்ங்குது. ரெண்டு பேரும் "ஏத்தாதே"ன்னு சொல்லல. "பாத்து ஏத்து"ன்னு தான் சொல்றாங்க. மாமா, கவனிச்சீங்களா?

புத்திசாலிகளின் வாதங்கள்

1. பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, பீட்ரூட் கோஷ்டி.

சாப்பாட்டுல இரும்பு குறைஞ்சு வர்ற ரத்தசோகைக்கு கீரை சரி. நாள்பட்ட அழற்சி நோயில நடக்கறது வேற. முடக்குவாதம், குடல் அழற்சி மாதிரி நோய்கள்ல ஹெப்சிடின்னு ஒண்ணு ஏறிடும். அது இரும்பைக் கிடங்குல போட்டுப் பூட்டி, குடல்ல இருந்து உள்ள வர்ற வழியையும் அடைச்சிடும். கிடங்கு நிறைய இரும்பு இருக்கும், மஜ்ஜைக்கு ஒரு சொட்டு போகாது. மேல மேல பேரீச்சம்பழத்தைத் திணிச்சு என்ன பிரயோஜனம்? சிறுநீரக நோயாளிக்குன்னா இந்த மூணுலயும் பொட்டாசியம் வேற. அன்பா கொடுக்கற விஷம்னு சொன்னா கோவிச்சுப்பீங்க.

2. "ரெண்டு பாட்டில் ஏத்திட்டுப் போ" கோஷ்டி.

ரத்தம் ஏத்தறது பெட்ரோல் போடற மாதிரி இல்லை. சில பேருக்கு அது தேவைப்படும், அதை டாக்டர் முடிவு பண்ணட்டும். பின்னால சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் போகக் கூடியவங்களுக்கு, ஏத்தற ஒவ்வொரு பாட்டிலும் எதிர்ப்பொருளை உண்டாக்கி, பொருத்தமான சிறுநீரகம் கிடைக்கற வாய்ப்பைக் குறைக்கலாம். ஒரு டிக்கெட்டுக்காக அதை அடகு வெப்பீங்களா?

3. "மேல இருந்து மாஸ்க் விழும்ல" கோஷ்டி.

சிரிக்காதீங்க, நிஜமாவே ஒருத்தர் சொன்னார். அது கேபின் அழுத்தம் போனா, விமானம் கீழ இறங்கற வரைக்கும் தாக்குப் பிடிக்க. பல விமானங்கள்ல ஏறக்குறைய கால் மணி நேரத்துக்குத் தான் வரும். பணியாளர்கள் கிட்ட இருக்கற சிலிண்டரும் அவசரத்துக்கு மட்டும். உங்களுக்கு வழி நெடுக ஆக்சிஜன் வேணும்னா முன்கூட்டியே கேட்டு வாங்கணும்.

4. "வீல்சேர் கேக்கறவன் எல்லாம் வரிசையைத் தாண்ட நடிக்கறவன்" கோஷ்டி.

நடிக்கறவங்க இருக்காங்க. மறுக்கல. ஆனா ரத்தசோகை முகத்துல எழுதி ஒட்டியிருக்காது. நல்லா உடுத்திட்டு, பூ வெச்சுட்டு நிக்கற அம்மாவுக்கு அரை கிலோமீட்டர் நடக்க மூச்சு இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? 2024 பிப்ரவரியில மும்பை விமான நிலையத்துல, வீல்சேர் பத்தாததால மனைவியை அதுல உக்கார வெச்சுட்டுக் கூடவே நடந்து வந்த 80 வயசுப் பெரியவர் சரிஞ்சு விழுந்து இறந்து போனார். அந்த விமான நிறுவனத்துக்கு 30 லட்ச ரூபாய் அபராதம் போட்டாங்க. ஞாபகம் இருக்கட்டும்.

5. "சொன்னா ஏத்த மாட்டான்" கோஷ்டி.

இது தான் பெரிய கோஷ்டி. இதுல பாதி உண்மை இருக்கறதால தான் ஆபத்தே.

உண்மை என்ன? ஒளிக்காம சொல்றவனைத் தான் இங்க அலைய விடறாங்க. ஃபார்ம் கொண்டா, லெட்டர் கொண்டா, ஆக்சிஜனுக்குத் தனியா காசு கட்டு. கவுண்ட்டர்ல இருக்கற பையனுக்கு எதுவும் தெரியாது, மேலதிகாரியைக் கூப்பிடுவான். மறைச்சு ஏறறவன் ஜம்முனு ஏறி உக்காந்துடறான். விமான நிறுவனங்களே, நீங்க வளர்த்து விட்ட பழக்கம் தான்யா இது. உண்மை சொன்னா தண்டனை, பொய் சொன்னா ஜன்னல் சீட்டுன்னு வெச்சா ஜனங்க எதைத் தேர்ந்தெடுப்பாங்க? டாக்டர்களும் லேசுப்பட்டவங்க இல்லை. ரத்த அளவு என்ன, எத்தனை மணி நேரப் பயணம், ஆக்சிஜன் வேணுமான்னு ஒண்ணும் இல்லாம "பறக்கலாம்"னு எழுதற ஒத்தை வரி காகிதத்துக்கு என்ன மரியாதை?

சரி, இவ்வளவு உண்மை. மீதிப் பாதி? சொன்னா ஏத்த மாட்டாங்கங்கறது அம்மா திரும்பி வந்தப்பவே பொய்னு தெரிஞ்சு போச்சு.

திரும்பி வந்த கதை

2023 மார்ச். இந்த முறை எல்லாத்தையும் சொன்னோம். அங்கயே காசு கட்டி ஒரு டாக்டரைப் பாத்து, ஊசி போட்டு, நரம்பு வழியா இரும்பு ஏத்தி, ஹீமோகுளோபின் 9.2க்கு வந்த பிறகு தான் டிக்கெட். விமான நிறுவனங்கள் கிட்ட மெடிஃப்னு ஒரு மருத்துவப் படிவம் இருக்கு. அதுல ரத்தசோகை உண்டா, இருந்தா ஹீமோகுளோபின் எத்தனை கிராம்னு தனிக் கேள்வியே இருக்கு. நம்ம ஊர்ல யாருக்காவது தெரியுமா இது? டாக்டர் நிரப்பினார். நாலு நாள் முன்னாடி அனுப்பினோம். ஆக்சிஜன் தேவையில்லை, வீல்சேர் உண்டு, டாய்லெட் பக்கத்துல நடைபாதை ஓர சீட்டுன்னு ஒப்புதல் வந்துச்சு.

ஏர்போர்ட்ல சும்மா விட்டாங்களா? "சிறுநீரகம்"ங்கற வார்த்தையைப் பாத்ததும் கவுண்ட்டர்ல முக்கால் மணி நேரம் நிறுத்தி வெச்சாங்க. தங்கச்சி கைக்குழந்தையோட நின்னு, ஒப்புதல் மெயிலோட பிரிண்ட்டை நீட்டினதுக்கு அப்புறம் தான் போர்டிங் பாஸ். ஆனா ஏத்தினாங்க. விமானத்துல பணிப்பெண்ணுக்கு முன்னாடியே விவரம் தெரிஞ்சிருந்துச்சு. அம்மா சொன்னது: "ஜூஸ் வேண்டாம்னு சொன்னேன், ஏன்னு கேக்கவே இல்லடா."

இந்த ஒரு வரிக்காக அந்த முக்கால் மணி நேரம் நிக்கலாம் சார்.

உருப்படியா நாலு விஷயம்

நான் டாக்டர் இல்லை. அடி வாங்கினவன். அந்த அளவுல எடுத்துக்கோங்க.

- டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை, அப்புறம் உங்க நோயைப் பாக்கற டாக்டர். பக்கத்துத் தெரு முத்திரை டாக்டர் இல்லை. எரித்ரோபாய்டின் ஊசி வேலை செய்ய சில வாரம் ஆகும், கடைசி நேரத்துல எதையும் ஏத்த முடியாது.

- மெடிஃப் படிவத்தைக் குறைஞ்சது 48 மணி நேரம் முன்னாடியாவது அனுப்புங்க. சில நிறுவனங்கள் இன்னும் முன்னாடி கேக்கும். ஒப்புதலை அச்செடுத்து கையில வெச்சுக்கோங்க. அடிக்கடி பறக்கற நாள்பட்ட நோயாளிகளுக்கு ஃப்ரீமெக்னு ஒரு அட்டை உண்டு, ஒவ்வொரு தடவையும் படிவம் நிரப்பற வேலை மிச்சம். உங்க நிறுவனம் கொடுக்குதான்னு கேளுங்க.

- ஆக்சிஜன் வேணும்னா நிறுவனத்துக்கிட்ட கேளுங்க. வீட்டுச் சிலிண்டரைத் தூக்கிட்டுப் போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க. அனுமதிச்ச ரகக் கையடக்க ஆக்சிஜன் கருவின்னா பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு தாங்கற பேட்டரி கேப்பாங்க.

- ஊசி மருந்து கைப்பையில, குளிர்ப் பையில, சீட்டோட. கீழ சரக்கறையில போட்டா உறைஞ்சு வீணாகலாம்.

- "நிறைய தண்ணி குடி"ங்கற பொது அறிவுரையைச் சிறுநீரக, இதய நோயாளிகள் கேட்டுடாதீங்க. உங்க டாக்டர் சொன்ன அளவு தான். காலை மட்டும் அசைச்சுட்டே இருங்க, ரத்தம் கட்டாம இருக்க. மது, தூக்க மாத்திரை ரெண்டும் வேண்டாம்.

- அரிவாள் செல் நோய் இருக்கறவங்க தனி ரகம். ஆக்சிஜன் குறைஞ்சா அவங்க சிவப்பணுவே வளைஞ்சு அடைச்சுக்கும். வலி நெருக்கடி வந்து பத்து நாளாவது தாண்டாம கிளம்பாதீங்க.

- காப்பீடு எடுக்கும்போது நோயைச் சொல்லுங்க. மறைச்சு எடுத்த காப்பீடு கேக்கற அன்னைக்குக் கை விரிச்சிடும்.

நாலுன்னு சொல்லி ஏழு ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க :-)

கடைசியா மாமாவுக்கு. நீங்க கெட்டவர் இல்லை. அத்தை பையன் வீட்டுக்குப் போகணும்னு தான் அப்படிச் சொன்னீங்க. நானும் அம்மா பேரக் குழந்தையைப் பாக்கணும்னு தான் சொன்னேன். ஆனா "சொல்லாதே"ன்னு நாம சொல்லி அனுப்பினா, முப்பத்தஞ்சாயிரம் அடியில உதவிக்கு ஓடி வர்றவங்க கண்ணைக் கட்டி விட்டுட்டோம்னு அர்த்தம். அவங்க மனசார உதவுவாங்க, தப்பான உதவி.

சரிஞ்சு கிடந்தப்ப அம்மா என்ன நெனச்சாங்கன்னு ஒரு நாள் கேட்டேன். "உண்மையைச் சொன்னா உனக்கு ஏதும் பிரச்சினை வந்துடுமோன்னு தான்டா"ன்னாங்க.

குழுவில இந்தப் பதிவோட சுட்டியைப் போடப் போறேன். சண்டை வந்தா வரட்டும். அத்தை பத்திரமா போய்ச் சேரட்டும்.

டிஸ்கி: எண்களைப் பாத்து நீங்களே முடிவெடுக்காதீங்க. அந்த எண்களை வெச்சு டாக்டர் கிட்ட என்ன கேக்கணும்னு மட்டும் முடிவெடுங்க. உங்க வீட்டுலயும் இப்படி ஏறினவங்க, ஏற முடியாமப் போனவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. "பேரீச்சம்பழம்"னு மட்டும் யாராவது போட்டீங்க, மட்டுறுத்திடுவேன்.